ஈயம் போன கல்

அத்தியாயம் 17

ரபீக் மௌத்தான பிறகும் வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருந்தன. அந்த வெள்ளி அஸ்மத் காலைத் தொழுகையை முடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஈரக் காலை மிதியடியில் துடைத்துவிட்டுத் தராசின் மேல் ஏறி நின்றாள்.

அது மூட்டை நிறுக்கும் தராசு. கீழே சதுரமான இரும்புப் பலகை, மேலே எண்கள் வெட்டிய தண்டு, அதன் மேல் நகர்த்த ஒரு குண்டு, தண்டின் முனையில் தொங்கவிட ஒரு கல். அவள் கணவர் ரபீக் தராசு மெக்கானிக்காக இருந்தவர். பஜாரில் பாதிக் கடைகளின் தராசுகளும் கீழ்பென்னாத்தூர் மணிலாக்கொட்டை மண்டிகளின் தராசுகளும் அவர் கைபட்டவை. கடையின் சொந்தக்காரர் இடத்தைத் திரும்பக் கேட்டதால் போன வாரம் சாமான்கள் எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மற்றவை மாடிப்படிக்கு அடியில் போய்விட்டன. இது மட்டும் எங்கேயும் நுழையாமல் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டது. அதற்குப் பிறகு வந்த முதல் வெள்ளி இது.

ரபீக்கின் இரண்டு கிட்னியும் கெட்டுப்போனபோது, தன்னுடையதில் ஒன்றைத் தருவதாக அஸ்மத் சொன்னாள். ரத்தம் பொருந்தியது. மகள் பிர்தௌஸ் தருவதைப் பற்றி ரபீக் பேச்செடுக்கவே விடவில்லை. அவருடைய அக்கா தஹ்சீனைச் சர்க்கரை வியாதி காப்பாற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அஸ்மத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அறுபத்தெட்டுக்கு வந்துட்டு வாங்கம்மா. மத்த டெஸ்ட்டெல்லாம் அப்புறம்" என்றார். அப்போது அவள் எண்பத்து நாலு கிலோ.

இறங்கினாள். எழுபத்தொன்று வரைக்கும் இறங்கினாள். அங்கே வந்து நின்ற குண்டு அதற்குக் கீழே போகவில்லை. ரபீக் போய்ச் சேர்ந்தார். மூன்று கிலோ பாக்கி நின்றது.

மையத்து இன்னும் எடுக்காமல் வீட்டில் இருக்கும்போதே தஹ்சீன் அதைச் சொல்லிவிட்டாள். "குடுக்க மனசிருந்தா எடை தானா எறங்கியிருக்கும்." அழுகைக்கு நடுவே சொன்னதுதான். இருந்தாலும் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. அஸ்மத் மறுத்துப் பேசவில்லை. அவள் மனசும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. ராத்திரி சாப்பிட்ட கூடுதல் தோசை ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் இருந்தது.

புருஷன் மௌத்தானபின் வரும் இத்தா காலத்தில் பெண் வீட்டோடு இருக்க வேண்டும். அஸ்மத் வீட்டோடு இருந்தாள். மாடிப்படியில் ஏறி இறங்குவதை விடவில்லை. ஒரு சப்பாத்தி, கொஞ்சம் கீரை என்ற சாப்பாட்டையும் மாற்றவில்லை. எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. துக்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் அப்படியே நினைக்க விட்டுவிட்டாள்.

பிர்தௌஸ் தண்டின் மேலிருந்த குண்டை மெதுவாக நகர்த்தினாள். வேங்கிக்காலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் அவளுக்கு வேலை. கிரிவலப் பௌர்ணமியானதால் ரோடு முழுக்கத் தடுப்பு வைத்திருப்பார்கள் என்று லீவு போட்டிருந்தாள். தண்டு ஆடி, ஆடி, நேராக நின்றது. அவள் கை குண்டின் மேலேயே இருந்தது.

"இன்னாடி, எவ்ளோ?"

"அறுபத்தெட்டு."

"நல்லா பாரு."

"நல்லாத்தாம்மா பாத்தேன்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் பால்கூட வைத்திருக்கவில்லை. அஸ்மத் இறங்காமல் நின்றாள். ஆஸ்பத்திரியில் சொன்ன இடத்துக்கு வந்தாகிவிட்டது. இனி இங்கிருந்து போவதற்கு இடமில்லை.

* * *

பதினோரு மணி வாக்கில் தஹ்சீன் அடுத்த தெருவிலிருந்து தூக்குப்பாத்திரத்தோடு வந்தாள். கறுப்பு புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தராசைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ஊரே ரோட்டுல நடக்குது. ஒரு தெருவைத் தாண்ட இவ்ளோ நேரம். குஷ்காவும் தாளிச்சாவும் இருக்குது. தட்டு எடுடி பிர்தௌஸ்."

"எனக்கு வேணாம் ஆபா" என்றாள் அஸ்மத்.

"தெரியுமே. என் ஊட்டுக் கல்யாணத்துல பிரியாணி தின்ன அன்னிலேர்ந்து உனக்கு அரிசியே ஆவாது. ஒரு வாய் தின்னதுக்கு எத்தன நாளைக்குக் கோவிச்சிப்ப?"

தஹ்சீனின் சின்ன மகன் கல்யாணம் அது. அதற்கு முந்தின வெள்ளி அஸ்மத் எழுபத்திரண்டு. கல்யாணம் முடிந்து அடுத்த வெள்ளி தராசு எழுபத்து நாலுக்கு மேல் காட்டியது. கடையில் நின்றபடியே அவள் அழுதுவிட்டாள். ரபீக் தண்டை இறக்கி வைத்துவிட்டு, "பிரியாணியில வந்த எடை. வந்த மாதிரியே போயிடும், அழாத" என்றார். அதற்குப் பிறகு அவள் பிரியாணியைத் தொட்டதில்லை.

"இன்னிக்கு அறுபத்தெட்டு வந்துடுச்சு ஆபா."

தஹ்சீன் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அவள் வாயில் ஏதோ வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"இப்ப வந்து?"

"ஆமா. இப்பதான் வந்துச்சு."

"சரி. வந்துடுச்சில்ல, விடு. இத்தால இருக்கற பொம்பள தராசுல ஏறி நிக்கறத நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவாங்க? இன்னியோட போதும். தின்னு."

"அறுபத்தஞ்சு ஆவட்டும்."

"எதுக்கு?"

அஸ்மத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"எதுக்குன்னு கேக்கறேன். யாருக்குக் குடுக்கப் போற இப்ப?"

நியாயமான கேள்விதான். அறுபத்தஞ்சு என்ற எண் அவள் வாயில் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கு ஏதோ ஒரு எண் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எண் இல்லையென்றால் தராசில் ஏற வேலையில்லை. தராசில் ஏறவில்லையென்றால், குண்டை ஒரு விரலால் நகர்த்தி, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, "கொஞ்சந்தான் அஸ்மத், கிட்ட வந்துட்ட" என்று சொன்னவரும் வெள்ளிக்கிழமையை விட்டுப் போய்விடுவார்.

இதையெல்லாம் தஹ்சீனிடம் சொல்ல முடியாது. கைக்கு அகப்பட்டதைச் சொன்னாள்.

"முட்டி வலி இல்ல ஆபா. இப்பல்லாம் நாற்காலி இல்லாம கீழ உக்காந்தே தொழுவுறேன்."

"அப்ப நாங்க நாற்காலியில உக்காந்து தொழுவுறது அல்லாஹ் கிட்ட போய்ச் சேராதா?"

"நான் அப்பிடிச் சொல்லல."

"நீ எதையுமே சொல்ல மாட்ட. செஞ்சிடுவ."

பிர்தௌஸ் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்று தட்டு. காலையிலிருந்து அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அஸ்மத் அதைக் கவனித்தாள். குஷ்காவின் வாசனை வந்ததால் அதைக் கேட்பது தள்ளிப்போனது.

வாசலில் செருப்பு விடும் சத்தம். "பிர்தௌஸ்! நான் வேணு."

தஹ்சீன் கண்ணால் காட்டினாள். அஸ்மத் எழுந்து உள் அறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ரபீக்கோடு அதே கடையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன் வேணு. அவனுக்கு எதிரில் அவள் திரை போட்டதே கிடையாது. இத்தாவில் இருக்கும் இந்த நாலு மாதமாகத்தான்.

"தராச வாங்கற மண்டிக்காரர் ராஜமாணிக்கம் வண்டி அனுப்பிட்டாரு" என்றான் வேணு. "திண்டிவனம் ரோட்டுலயே நிறுத்திட்டானுங்களாம். கூட்டம் கொறஞ்சப்புறம்தான் உள்ள வுடுவாங்க. அதுக்குள்ள ஒரு தபா செக் பண்ணிடலாம்னு வந்தேன்."

"வாங்கறவனே பாத்து வாங்கறான். செக் இன்னாத்துக்கு?" என்றாள் தஹ்சீன்.

"அது வேறங்க. பாய் கைபட்ட தராசு. அவரு இல்லாதப்ப அது தப்பு காட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

வேணு சரிபார்க்கும் முத்திரைக் கற்களை ஆட்டோவிலேயே எடுத்து வந்திருந்தான். இருபது, இருபது, பத்து கிலோ. ஒவ்வொன்றும் பலகையில் உட்காரும் சத்தத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து அஸ்மத் கேட்டாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. பிறகு தண்டில் கல் தொங்கும் கொக்கியின் கிணுக்கென்ற சத்தம். தண்டு 'டக்'கென்று மேலே போய் முட்டியது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி கிணுக். மறுபடி டக்.

"இன்னா ஆச்சு?" தஹ்சீன் குரல்.

"இருங்க." குண்டு தண்டின் மேல் நகர்ந்தது. "அம்பது வெச்சா அம்பத்தி மூணு காட்டுது."

"பழைய தராசு."

"பழசுன்னா தப்பு காட்டணும்னு இல்லங்க. பாய் தராசு காட்டாது." கல்லைக் கழற்றும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் தாழ்ந்து வந்தது. "இதுல யாரு கைய வெச்சது?"

பிர்தௌஸ் மெல்லக் கேட்டாள். "எதுல?"

"கல்லுல. இத பாரு. அடியில குழி இருக்குது பாரு. இதுல ஈயம் ஊத்தி, அந்த ஈயத்து மேலதான் கவர்மெண்டு முத்திரை குத்துவாங்க. ஈயத்தக் காணோம். இந்தத் தண்டுல துளி ஈயம் கொறஞ்சாலும் கிலோக் கணக்குல தப்பு காட்டும். நோண்டி எடுத்துட்டு மெழுகு வெச்சி அடைச்சி, மேல கரி பூசியிருக்குது. நகத்தால சுரண்டினா வருது."

"கடையில எவனாவது களவாணிப் பய செஞ்சிருப்பான்" என்றாள் தஹ்சீன்.

"களவாணி செய்ற மாதிரி இல்லங்க இது. வாங்கறவன் திருடுனா கல்லைக் கனமாக்குவான். மூட்டை கம்மியா காட்டும். இது லேசாக்கியிருக்குது. மேல ஏத்தறது ஜாஸ்தியா காட்டும். விக்கறவன் செய்ற வேலை இது. ஆனா இந்தத் தராசுல யாரு எதை வித்தாங்க? மூட்டை ஏத்தியே வருஷக்கணக்காவுது. பாய் ஒருத்தரையும் தொட வுட மாட்டாரு. அண்ணியத் தவிர வேற யாரும் இதுல ஏறி…"

அவன் நிறுத்திக்கொண்டான்.

வெளியே தெருமுனையில் யாரோ மைக்கில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அஸ்மத் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. முதலில் அந்தக் கல்யாண பிரியாணிதான் வந்தது. ஒரு வாரத்தில் அவ்வளவு ஏறுமா என்று அவள் கேட்டபோது, "மட்டன் ஜாஸ்தி போட்டிருந்தாங்க" என்று ரபீக் சொன்னதும் வந்தது. ஆயுசில் ஒரு வியாபாரிக்கும் கல்லில் கை வைக்காத மனுஷன் அதைச் சொல்லும்போது தண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை.

டயாலிசிஸுக்குக் கூடப் போன ஒரு நாளும் வந்தது. அங்கே நோயாளிகளுக்கு உள்ளே போகுமுன் எடை பார்ப்பார்கள். ரபீக் இறங்கியதும் அவள் சும்மா ஒரு காலை எடுத்து அந்த எடை மெஷின் மேல் வைத்தாள். "ஏறாத" என்றார் அவர். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "அது ஸ்பிரிங்கு, சரியா காட்டாது. அதப் பாத்தா மனசுதான் ஒடையும். நம்ப தராசு மட்டும் பாரு." காலை எடுத்துக்கொண்டாள். அடுத்தவர் தராசைப் பற்றி அவர் அப்படித்தான் எப்போதும் பேசுவார். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"வேணு" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து.

"அண்ணி."

"எழுபத்தொண்ணுன்னு காட்டினா, நெசத்துல எவ்ளோ?"

கணக்குப் போடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. சொல்லுவதற்குத்தான் நேரம் எடுத்தது.

"அறுபத்தெட்டு அண்ணி."

நாற்காலி இழுபடும் சத்தம். தொழுகைக்கென்று ஓரமாக வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தஹ்சீன் உட்கார்ந்துவிட்டாள்.

எழுபத்தொன்றில் அஸ்மத் நின்றது ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல. நோன்பு முழுக்க நின்றாள். பெருநாள் முழுக்க நின்றாள். அவ்வளவு காலமும் டாக்டர் வாசலுக்குப் போகலாம் என்ற எடையோடுதான் அவள் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். போக விடாமல் அவளை நிறுத்தி வைத்தது அவர் கை.

"எந்தம்பி ஏன்டி இப்பிடிச் செஞ்சான்?" தஹ்சீன் யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து, "நான் அன்னிக்கு எல்லார் எதிர்லயும்…" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. யாரும் முடித்துக் கொடுக்கவுமில்லை.

"அப்ப இன்னிக்குக் காலைல நான் அறுபத்தஞ்சா?" என்று கேட்டாள் அஸ்மத்.

"ஆமா அண்ணி."

அறுபத்தஞ்சு ஆவட்டும் என்று அவள் சொன்னபோதே அது ஆகி முடிந்திருந்தது. அஸ்மத்துக்குச் சிரிப்பு வந்தது. மூக்கு வழியாக வந்த சின்னச் சிரிப்பு. கூடத்தில் இருந்தவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். பிர்தௌஸ் திரைக்குப் பக்கத்தில் வந்து, "அம்மா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு தட்டுல குஷ்கா வெச்சி இப்பிடிக் குடு."

"குஷ்காவா?"

"ஒரு கரண்டி போதும். தாளிச்சா கொஞ்சம்."

தட்டு திரைக்குள் வந்தது. அஸ்மத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். அரிசி இன்னும் சூடாக இருந்தது. தஹ்சீன் கை எப்போதும் பட்டையை ஒரு துண்டு கூடவே போடும். கல்யாணத்தன்றும் இதே ருசிதான். அந்த ருசியின் மேல் அத்தனை நாளாக ஒரு பழி இருந்தது. இப்போது இல்லை.

"இன்னொரு கரண்டி போடச் சொல்லவா?" தஹ்சீன் குரல் சின்னதாக வந்தது.

"வேணாம் ஆபா. அடுத்து அறுபத்திரெண்டு இருக்குது."

"இன்னுமா?"

"இது யாருக்கும் குடுக்க இல்ல. எனக்கு. தொழுகைல சஜ்தாவிலேர்ந்து எழுந்திரிக்கறப்ப இன்னும் கைய ஊணித்தான் எழுந்திரிக்கறேன். ஊணாம எழுந்திரிக்கணும்." தட்டை வழித்தாள். "தராசு சரியா காட்டணும், அதான். வேணு, ராஜமாணிக்கம் கிட்ட இது குடுக்கறதுக்கு இல்லன்னு சொல்லிடு. ஈயம் ஊத்தி, முத்திரை குத்தி, இங்கயே கொண்டாந்து வெச்சிடு."

"கூடத்து நடுவுலயா?" என்றாள் தஹ்சீன்.

"ஆமா ஆபா. நடுவுலதான்."

வேணு கல்லின் குழியை விரலால் தடவிப் பார்த்தான். "அதுக்கு இன்னா அண்ணி, அவருக்கு வேற பாத்துக் குடுத்துக்கலாம். ஈயந்தான் எடை பாத்து வாங்கணும். எவ்ளோ எடுத்திருக்குதுன்னு தெரியல. பஜார்ல இன்னிக்குக் கடை தெறந்திருக்குதோ இல்லியோ."

"வாங்க வேணாம் வேணுண்ணா" என்றாள் பிர்தௌஸ்.

அவள் மாடிப்படிக்குப் பக்கத்தில் தொங்கிய தன் ஆபீஸ் கைப்பையை எடுத்து வந்தாள். உள் ஜிப்பைத் திறந்து, சாப்பாட்டு டப்பா துடைக்கும் துணியில் முடிச்சுப் போட்ட ஒன்றை வெளியே எடுத்தாள். சின்ன முடிச்சுதான். தராசுப் பலகையில் வைத்தபோது தொப்பென்று விழுந்தது.

வேணு முடிச்சை அவிழ்த்தான். சுரண்டி எடுத்த ஈயத் துணுக்குகள். கையில் அள்ளிப் பார்த்தான். கல்லின் குழியைப் பார்த்தான். பிறகு பிர்தௌஸைப் பார்த்தான். துணியை மறுபடி கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

"வண்டி வந்துடுச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். வண்டி வேண்டாம் என்று ஆகிவிட்டது என்பது அவனுக்கும் தெரியும்.

அவன் செருப்புச் சத்தம் தெருவில் கரைந்ததும் அஸ்மத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் இன்னும் எச்சில் தட்டு இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

பிர்தௌஸ் தலையை மட்டும் அசைத்தாள். "நோண்டறப்ப பாத்துட்டேன். சாப்பாடு கொண்டுபோயிருந்தேன் கடைக்கு. அத்தா யார் கிட்டயும் சொல்லாதன்னாரு. அப்புறம் கடைசியா ஆஸ்பத்திரில இதக் குடுத்தாரு. அம்மா தராசுல அறுபத்தெட்டு தொடற அன்னிக்குக் குடுன்னாரு. காலைலயே குடுத்திருக்கணும்மா. எனக்குத் தைரியம் வரல."

"குடுன்னு மட்டும் சொன்னாரா?"

"இல்ல."

"வேற?"

பிர்தௌஸின் கண்கள் ஒரு நொடி நாற்காலியில் இருந்த அத்தையின் பக்கம் போய்த் திரும்பின. "ஏன் செஞ்சாருன்னு சொன்னாரு. பூபு போவட்டும்மா. அப்புறம் சொல்றேன்."

தஹ்சீன் எழுந்தாள். தூக்குப்பாத்திரத்தின் மூடியைத் தேடினாள். அது கைக்கு எதிரிலேயே இருந்தது, கண்ணில் படவில்லை. ஆணியில் மாட்டிய புர்காவை எட்டி எடுத்தாள். ரபீக்கைவிட ஆறு வயது மூத்தவள். அன்றுதான் பார்ப்பதற்கு அப்படித் தெரிந்தாள்.

அஸ்மத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் தராசுக்கு எதிரில் போட்டாள்.

"ஆபா, உக்காருங்க" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "அன்னிக்கு இவங்க சொன்னத எல்லாரும் கேட்டாங்க. இத இவங்க ஒருத்தராவது கேக்கட்டும். சொல்லு."